கலங்கள் பெருகுகின்றன, பிறபொருளெதிரி குறைகிறது: என்ன செய்வது?

கேள்வி: கொழும்பிலுள்ள ஆய்வுகூடமொன்றில் பிறபொருளெதிரி சுரக்கும் சுண்டெலி ஹைபிரிடோமாக் கலங்களை வளர்க்கிறேன். ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற வளர்ப்பு ஊடகத்துடன் 10 சதவீதம் மாட்டுச் சீரம் சேர்க்கிறேன். கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன. ஆனால் இரண்டு மாதங்களாக பிறபொருளெதிரியை அளக்கும் எலைசா சோதனையின் வாசிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. சீரத்தை மாற்றினால் சரிவருமா?

பதில்: இப்போதைக்குச் சீரத்தில் கைவைக்க வேண்டாம். ‘முன்னைவிட வேகமாக’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம்.

ஹைபிரிடோமா, பிறபொருளெதிரியை உருவாக்கும் மண்ணீரலின் பீ கலமும், ஓயாமல் பெருகும் மையலோமாப் புற்றுக் கலமும் இணைந்து உருவானது. இரண்டின் நிறமூர்த்தங்களையும் சுமப்பதால், பிரியும்போது சிலவற்றை இழந்துவிடும். பிறபொருளெதிரிக்குரிய மரபணு இருந்த நிறமூர்த்தம் போனாலும் கலம் சாகாது. சுரக்கும் சுமை இல்லாததால் பெரும்பாலும் இன்னும் விரைவாகப் பிரியும். சில வாரங்களில் குடுவையைச் சுரக்காத கலங்கள் பிடித்துக்கொள்ளும். நுணுக்குக்காட்டியில் எல்லாம் உருண்டையாக, பளபளப்பாக, நலமாகவே தெரியும்.

இதை உறுதிசெய்ய, திரவ நைதரசனில் உறையவைத்துள்ள ஆகப் பழைய கலக் குப்பியொன்றை உருக்கி எழுப்பி, இப்போதைய கலங்களுக்குப் பக்கத்தில் அதே ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள். பழையது நன்றாகச் சுரந்தால் கலங்கள்தான் மாறியிருக்கின்றன. அதுவும் குறைவாகவே சுரந்தால் ஊடகம், இன்கியூபேட்டர், எலைசா ஆகியவற்றை ஆராயுங்கள். கூடவே, கல வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியாவுக்கான பீ.சீ.ஆர். பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்தப் பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இல்லாததால் பென்சிலின் வேலைசெய்யாது; 0.22 மைக்ரோமீற்றர் வடியையும் தாண்டக்கூடியது. தொற்று இருந்தால் அந்தக் கலங்களை ஓட்டோகிளேவில் (உயரழுத்த நீராவியில்) கொன்று அப்புறப்படுத்துவதே நல்லது.

எலைசாவில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஊடகத்தை ஐதாக்காமல் இட்டால் வாசிப்பு உச்சத்திலேயே நின்று, ஆரம்ப வீழ்ச்சியை மறைத்துவிடும். தொடர் ஐதாக்கல் செய்து, தெரிந்த செறிவுள்ள சுண்டெலி ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரி வகையுடன் ஒப்பிட்டு, மில்லிலீற்றருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று குறித்துவையுங்கள். சாதாரணக் குடுவையில் 10 முதல் 100 வரை கிடைப்பது வழக்கம்.

கலங்கள் மாறியது உறுதியானால் மீள்குளோனிங் செய்ய வேண்டும்; அதாவது, தனித்தனிக் கலங்களைப் பிரித்து வளர்த்து, நன்றாகச் சுரக்கும் ஒன்றின் வழிவந்த கூட்டத்தை (குளோனை) மட்டும் தெரிவுசெய்ய வேண்டும். இறந்த கலங்களை மட்டும் நிறமூட்டும் திரிபன் நீலச் சாயத்தைக் கொண்டு உயிருள்ள கலங்களை எண்ணி, படிப்படியாக ஐதாக்கி, 20 மில்லிலீற்றரில் 50 கலங்கள் இருக்கும்படி கொண்டுவாருங்கள். 96 குழித் தட்டில் குழிக்கு 200 மைக்ரோலீற்றர் இட்டால், சராசரியாகக் குழிக்கு அரைக் கலம் விழும். அப்போது ஏறத்தாழ 60 சதவீதக் குழிகள் வெறுமையாக இருக்கும். தட்டு நிறைய வளர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஐதாக்கல் போதவில்லை என்று பொருள். தனித்து விடப்பட்ட கலம் எளிதில் இறந்துவிடுமாதலால் வளர்ச்சிக்கு உதவும் இன்டர்லியூக்கின் 6 என்ற புரதத்தைச் சேருங்கள், அல்லது நன்கு வளரும் கலங்களிலிருந்து எடுத்து வடித்த பழைய ஊடகத்தை 20 சதவீதம் கலந்துகொள்ளுங்கள். நான்காம், ஐந்தாம் நாளில் ஒவ்வொரு குழியையும் பார்த்து, ஒரேயொரு வட்டக் கூட்டம் மட்டும் உள்ளவற்றைக் குறித்துவையுங்கள். இந்தப் படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்த்தால் இரு குளோன்கள் கலந்த குழியைத் தெரியாமலே தெரிவுசெய்வீர்கள். 10 முதல் 14 நாளில், ஊடகம் மஞ்சளாகும்போது எலைசா செய்து, நன்றாகச் சுரக்கும் குளோனை மறுபடியும் ஒருமுறை இதேபோல் பிரித்தெடுங்கள்.

தெரிவுசெய்த குளோனை உடனே உறையவைப்பது கட்டாயம். 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டீ.எம்.எஸ்.ஓ. (உறையும்போது கலங்களைப் பாதுகாக்கும் திரவம்) கலவையில் குப்பிக்கு 50 இலட்சம் கலங்கள் போதும். நிமிடத்துக்கு 1 பாகை வீதம் குளிரவிட்டு, ஓர் இரவு மறை 80 பாகையில் வைத்து, அடுத்த நாளே திரவ நைதரசனுக்கு மாற்றுங்கள். மின்தடையை நினைத்தாவது மறை 80 குளிரூட்டியில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வளர்ப்பில் மில்லிலீற்றருக்கு 1 முதல் 10 இலட்சத்துக்குள் கலங்களை வைத்திருந்து, ஆறு வாரமளவில் பழையதைக் கைவிட்டுப் புதிய குப்பியை எழுப்புங்கள்.

சீரம் பற்றி யோசிக்க வேண்டியது சுத்திகரிப்புக்கு முன்தான். அதிலுள்ள மாட்டு ஐ.ஜி.ஜி.யும், பிறபொருளெதிரியைப் பிடித்துப் பிரிக்கும் புரோட்டீன் ஜீ நிரலில் ஒட்டி, உங்கள் பிறபொருளெதிரியோடு சேர்ந்தே வெளிவரும். அந்தக் கட்டத்தில் ஐ.ஜி.ஜி. குறைந்த சீரத்துக்குக் கலங்களைப் படிப்படியாகப் பழக்குங்கள்.