லடாக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஒரு சிறு விடுதி: டிசம்பர் வெயிலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: லே அருகே ஒரு கிராமத்தில் நண்பரின் குடும்ப நிலம் இருக்கிறது. மலையேற வருபவர்கள் தங்க, இரண்டு அறை கொண்ட சிறு விடுதி ஒன்றை அவரோடு சேர்ந்து கட்டப்போகிறோம். குளிர்காலத்திலும் திறந்திருக்க வேண்டும், ஆனால் டீசல் ஹீட்டர் வேண்டாம் என்று நினைக்கிறோம். பழைய கன்டெய்னருக்குள் பஃப் (பாலியூரித்தேன் நுரைப் பலகை) ஒட்டினால் போதும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். சரிவருமா?

பதில்: கன்டெய்னர் வேண்டாம். பஃப் நல்ல காப்புப்பொருள்தான், ஆனால் அது வெப்பத்தைச் சேர்த்து வைக்காது. பகலில் வெயில் உள்ளே வந்தால் கொதிக்கும், சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் உறையும். பஃப் விட்டுப்போன இடங்களில் இரும்புச் சட்டம் வழியே குளிர் நேராக உள்ளே வரும். நான்கு பேர் மூச்சுவிடும் ஈரமெல்லாம் அந்த இடங்களில் பனியாகப் படிந்து, காலையில் சொட்டும். அவசரத்துக்குப் போடும் முகாமுக்கு அது சரி, வருடக்கணக்கில் நடத்தும் விடுதிக்குச் சரியில்லை.

உங்கள் நிலத்தின் பெரிய சொத்து வெயில். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே மழையும் பனியும் 100 மில்லிமீட்டர் அளவுதான். குளிர்கால இரவில் மைனஸ் 20 வரை போகும் ஊரில், பகலில் பெரும்பாலும் தெளிந்த வானம். ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்னால், டிசம்பர் கடைசியில் அந்த இடத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை வெயில் விழுகிறதா என்று நண்பரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே ஒரு மலைமுகடு மறைத்தால் நான் கீழே சொல்லும் எதுவும் வேலை செய்யாது. வேறு மூலையில் கட்டுங்கள், அல்லது கோடையில் மட்டும் நடத்துங்கள்.

வெயில் உண்டு என்றால் கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாக்கி, கண்ணாடி முழுவதையும் தெற்கே வையுங்கள். நம் ஊரில் வெயிலைத் தடுக்கப் பழகிய கைக்கு இது கொஞ்சம் உறுத்தும். கணக்கைப் பாருங்கள்: அந்த அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், ஜூனில் கிட்டத்தட்ட 79. சன்ஷேட் 50 செ.மீ. நீண்டிருந்தால் டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் சுவரில் 32 செ.மீ. மட்டுமே இறங்கும். ஜூனில் இரண்டரை மீட்டருக்கும் மேல் இறங்கும். எனவே ஜன்னலின் மேல்விளிம்பை சன்ஷேடிலிருந்து ஓர் அடி கீழே வைத்தால், குளிரில் முழு வெயில், கோடையில் முழு நிழல். வடக்கே ஜன்னலே வேண்டாம், ஸ்டோர் ரூமை அங்கே தள்ளுங்கள்.

பகலில் உட்காரும் அறைக்கு நேரடி வெயில் போதும். படுக்கும் அறைக்கு டிரோம்ப் சுவர் என் சிபாரிசு. 1967இல் பிரெஞ்சுப் பிரனீஸ் மலையில் இப்படியொரு வீட்டைக் கட்டிக் காட்டிய ஃபெலிக்ஸ் டிரோம்பின் பெயர் அது. தெற்குச் சுவருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி போடுவார்கள். மண் சுவர் ஓர் அடி தடிமன் இருந்தால், பகலில் வாங்கிய சூடு உள்பக்கம் வர எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆட்கள் போர்வைக்குள் போகும் நேரத்துக்கு அறை சூடாகத் தொடங்கும்.

இங்கே பலரும் சறுக்குவது ஒன்று உண்டு. கனமான மண் சுவர் வெப்பத்தைச் சேர்த்து வைக்குமே தவிர, தடுத்து நிறுத்தாது. வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கும் கூரைக்கும் காப்பு தனியாக வேண்டும். உள்ளே தடிமனான மண் சுவர், வெளியே மெல்லிய இன்னொரு சுவர், நடுவில் நன்றாகக் காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ. வண்டிக்கூலி கொடுத்துக் கொண்டுவர வேண்டியது கண்ணாடியும் கொஞ்சம் கம்பியும் சிமென்டும்தான். பலகைச் சட்டத்துக்குள் ஈரமண்ணைத் திமிசால் இடித்துக் கட்டலாம், வெயிலில் காய்ந்த மண்கல்லிலும் கட்டலாம். சிந்து நதிக்கரையில் ஃபே கிராமத்தில் பொறியாளர் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய செக்மால் என்ற மாற்றுக்கல்வி அமைப்பின் வளாகம் இப்படி மண்ணால் கட்டியதுதான். வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போதும் உள்ளே பிளஸ் 14, 15 என்கிறார்கள். குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பாலிதீன் ஷீட் கட்டி, கோடையில் கழற்றிவிடும் பழக்கமும் அங்கே உண்டு. வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இரவில் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் அதிகம். இரட்டைக் கண்ணாடியும், மாலையில் இழுத்துவிடத் தடித்த திரையும் கட்டாயம். கூரை உயரம் ஏழரை அடி போதும். வாசலுக்கு இரண்டு கதவு, நடுவில் பூட்ஸ் கழற்ற ஒரு சிறு இடம்.

மண் என்றதும் மழை பயம் வரும், வரத்தான் வேண்டும். 2010 ஆகஸ்டில் லேயில் பெய்த பேய்மழையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய சேற்றுவெள்ளம் ஓடைவழியில் இருந்த வீடுகளை அடித்துப்போனது. இன்று காய்ந்து கிடக்கும் ஓடை வாயில், விசிறி போல மண் பரவிய சரிவில், கட்டவே கட்டாதீர்கள். கல் பேஸ்மட்டம் இரண்டடி உயரட்டும். பாப்ளர் உத்தரம், வில்லோக் குச்சி, புல், மண் என்ற உள்ளூர்க் கூரையை வைத்துக்கொண்டு, சரிவையும் நீர் வடியும் குழாயையும் தாராளமாகச் சேருங்கள். நிலநடுக்கப் பகுதி என்பதால் ஜன்னல் மேல்மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுவர்களைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் பெல்ட் சுற்றிலும் ஓட வேண்டும், கூரை கனக்கவும் கூடாது.

கழிப்பறைக்குக் குழாய் இழுக்காதீர்கள், ஜனவரியில் உறைந்து வெடிக்கும். லடாக்கியர்களின் மண் போடும் உலர் கழிப்பறையே போதும், கழிவு விழும் அறை இரண்டு வைத்து, வருடத்துக்கு ஒன்றாக மாற்றிப் பயன்படுத்தினால் எருவும் கிடைக்கும்.

மேகமூட்டம் தொடரும் நாட்களுக்கு ஒரு புகாரி (புகைக்குழாய் வைத்த இரும்பு விறகடுப்பு) இருக்கட்டும். புகைக்குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும், அடுப்புக்கென்று தனியாகக் காற்றுவழி வேண்டும். இவ்வளவு இறுக்கமாக அடைத்த அறையில் கரிக்கங்கைத் தட்டில் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஒரு அலாரம் வாங்கி மாட்டுங்கள்.

அப்புறம், காலம். மே மாதம் அஸ்திவாரம் போட்டால் மண்வேலை ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். ஈரம் காயாமல் உறைபனி வந்தால் சுவர் வெடித்து உதிரும். தாமதமானால் ஓர் அறையை மட்டும் கட்டி மூடிவிட்டு, மற்றதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.