கூரை தூக்கும் வேனுக்கு எந்தத் துணி?

பழைய வேனின் கூரையை வெட்டி, மேலே தூக்கி நிறுத்தி, சுற்றிலும் துணிச்சுவர் தைத்து உள்ளே படுக்க நினைப்பவர்கள் கேட்டவை இவை; கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பதில் சொல்பவர் ராமநாதபுரத்தில் லாரிப் படுதா தைப்பவர்.

மண்டபம்: அண்ணே, லாரிப் படுதாவையே சுத்திக் கட்டிரலாமா? ஒரு சொட்டு இறங்காதே.

வெளியேயிருந்து இறங்காது தம்பி, உள்ளேயிருந்து இறங்கும். பிவிசி பூசின துணிக்கு மூச்சு கிடையாது. ரெண்டு பேர் ராத்திரி விடுற மூச்சே விடியக்காலம் துணியில முத்து முத்தா வேர்த்து மெத்தையில சொட்டும். என் முதல் வேனுக்கு அதைத்தான் தைச்சேன். வாலிநோக்கத்துல ஒரு ராத்திரி படுத்தேன், மறுநாளே பிரிச்சுட்டேன். மழை நேரா விழுறது தூக்கின தகட்டு மேலதான், துணிக்கு வர்றது சாரல். அதுக்கு எதுக்குப் படுதா?

கீழக்கரை: அப்ப எதுதான் வாங்குறது?

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கித்தான். சதுர மீட்டருக்கு 280லிருந்து 350 கிராம் போதும். நனைஞ்சா பருத்தி இழை உப்பி நெசவுக் கண்ணை அடைச்சுக்கும், காஞ்சா காத்து விடும். முழுப் பருத்தின்னா வெட்டுறதுக்கு முன்னாடியே ஊறவச்சுக் காயப்போடுங்க. இல்லேன்னா முதல் மழையில சுருங்கி, கூரை பாதியிலேயே நிக்கும். காசு இருந்தா, இழையாகும்போதே சாயம் ஏத்தின அக்ரிலிக். நம்ம வெயிலுக்கு அதுதான் ராஜா.

ராமேஸ்வரம்: நைலான் டென்ட் துணி லேசா இருக்கே?

அது முதுகுல சுமந்து மலையேறுறவங்களுக்கு. வெயில்ல இத்துப்போகும், ஈரத்துல தொய்யும், கச்சான் காத்துல படபடன்னு அடிச்சுத் தூங்கவிடாது.

தொண்டி: நூல், ஜிப் பத்திச் சொல்லுங்க அண்ணே.

பாலியஸ்டர் நூல். மேல பருத்தி சுத்தினது கிடைச்சா இன்னும் நல்லதும்மா, ஊசி ஓட்டையை நூலே உப்பி அடைக்கும். ஊசி 18ஆம் நம்பர். உலோக ஜிப் உப்புல இறுகிரும், பிளாஸ்டிக் பல்லு போடுங்க. வளையம் பித்தளை. கொசுவலைக்கு கரூர் சரக்கே போதும்.

தேவிபட்டினம்: எத்தனை வருஷம் தாங்கும்?

அது உங்க கையில இருக்கு. ஒவ்வொரு தடவையும் துணி அதே கோட்டுலதான் மடியும். அங்க மணல் உக்காந்தா அரம் மாதிரி அறுக்கும். உப்பு வேற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நம்ம ஊர்ல ஒரு குடம் நல்ல தண்ணியோட அருமை எனக்கும் தெரியும். இருந்தாலும் ஊர் திரும்பினதும் ரெண்டு குடம் துணிக்கு ஊத்துங்க. சோப்புத்தூள் போட்டா தண்ணி ஒட்டாத பூச்சு போயிரும். மழையில ஈரத்தோட மடிச்சா, வீட்டுக்கு வந்ததும் கூரையைத் தூக்கிக் காயவிடணும். வாடைக் காலத்துல இதுல சோம்பல்பட்டவங்கதான் மறுவருஷம் என்கிட்ட புதுசு தைக்க வர்றாங்க.

சாயல்குடி: கூரையை வெட்டினா ஆர்டிஓ ஆபீஸ்ல பிரச்சினை வருமா?

வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பாருங்க, வெட்டுறதுக்கு முன்னாடி அங்கே கேட்டுருங்க. கூரை நின்ன பிறகு வண்டியோட வாங்க, அளவெடுக்குறேன். போட்டோவைப் பாத்துத் துணி வெட்டமாட்டேன்.