கோட்டுப்பால் இல்லாத மரம்

அன்புள்ள அக்கா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பஸ், அப்புறம் கடை, அப்புறம் வீடு. சரித்திர மர்ம நாவல் ஒன்று தொடங்கியிருக்கிறேன். 1025-இல் ராஜேந்திர சோழன் படை கடாரத்துக்கு வந்த சமயம், அரண்மனையில் ஒரு கொலை. அதை எழுதும்போது மட்டும்தான் உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது. ஆனால் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. இந்த ஊரில் இருந்துகொண்டு சாகசத்துக்கு எங்கே போவது? வீட்டில் தொண்ணூறு தாண்டிய பாட்டி மட்டும்தான், பேசினால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பழங்கதை. துப்புகளை எத்தனையாவது அத்தியாயத்தில் வைக்க வேண்டும்? பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

‘உயிரோடு இருப்பதுபோல்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதை விட்டுவிடாதீர்கள். எத்தனையாவது அத்தியாயம் என்பதெல்லாம் எழுதி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கோபமும் வந்தது. சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டா சாகசத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்கள்? 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டது உங்கள் ஊர்ப்பக்கம்தானே! கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டையில் 12 வருடம் இந்த நாட்டை ஆட்டிவைத்த அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. துரைகளின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்நேரம் நிரையில், பால்மர வரிசையில், நின்ற நம் சனத்துக்கு அந்தச் சத்தம் கேட்டதா, பால் வெட்டும் உளியைப் போட்டுவிட்டு லயத்து வீடுகளுக்கு ஓடினார்களா?

கடாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அரண்மனையில் விளக்குத் துடைப்பவர் எப்படித் துடைப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் நாற்பதாம் பக்கம் நகரவில்லை. வேலை தெரிந்தவர் கண்ணுக்குத்தான் துப்பு தெரியும், இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போவேன். வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது, அதனால் விடிவதற்கு முன்பே தலை விளக்கோடு நிரையில் நிற்போம். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உருவிக் கூடையில் போடுவது என் வேலை, நாடா மாதிரி சர்ரென்று வரும். ஒருநாள் ஒரு மரத்தில் விரலை வைத்தால் உருவ ஒன்றுமில்லை, ஈரம்தான். அம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். புது வெட்டு, பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, பால் பிடிக்கும் மங்கின் அடியில் மட்டும் கொஞ்சம் பால். அந்த அளவைப் பார்த்தே, “ஊத்திக்கிட்டுப் போய் ரொம்ப நேரம் ஆகல” என்றார். பட்டையைத் தடவினார். வெட்டு ஆழமாய் இறங்கி மரத்தில் காயம். “பழகின கை இல்ல.” அப்புறம் வரிசையாக ஏழெட்டு மரம் பார்த்தோம், கடைசி மரத்தில் காயமே இல்லை. யாரோ அந்த இருட்டில், எங்கள் நிரையில், பால் வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்!

காயத்துக்கு, வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அம்மாவைத்தான் திட்டினார். அம்மா வாயே திறக்கவில்லை. யாரென்று அவருக்குத் தெரியும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஏன் சொல்லாமல் விட்டார் என்று யோசித்து யோசித்துத்தான் நான் மர்மக்கதை எழுத வந்தேன்.

கடாரத்துக்கு அத்தனை வரி எழுதிவிட்டுப் பாட்டியை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அது சரியா? அந்த ஜூன் மாதம் அவர் விவரம் தெரிந்த பிள்ளை. இன்றைக்குக் கடையிலிருந்து திரும்பியதும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கொலையைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்று வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தார்களா, மங்கிலேயே உறையவிட்டார்களா, அன்றைக்குச் சம்பளம் போட்டார்களா என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா