கத்தி படாத வழிதான் நல்ல வழியா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வாரம் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்கேனில் இடது பக்கக் கழுத்துத் தமனியில் 80 சதவீத அடைப்பு. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஸ்டென்ட் போதும் என்கிறார். கத்தி படாமல் முடிந்தால் நல்லதுதானே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எதைச் செய்வது என்பதைவிட எப்போது செய்வது என்பதுதான் இப்போது அவசரம். அந்தப் பத்து நிமிடம் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை. இப்படி அறிகுறி வந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் முழுப் பலன். (அதனால்தான் இதழ் வரும்வரை காத்திராமல் உங்களுக்கு முன்பே பதில் அனுப்பிவிட்டோம்.)

கழுத்தில் கரோட்டிட் தமனியைத் திறந்து, உள்ளே படிந்திருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுப்பது ஆபரேஷன். 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், உங்கள் அப்பாவைப் போல அறிகுறியும் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இரண்டே வருடத்தில் அந்தப் பக்கப் பக்கவாதம் வந்தது 26 சதவீதம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 9 சதவீதம்.

ஸ்டென்ட் என்பது அடைப்பை விரித்துப் பிடிக்கும் குட்டி வலைக்குழாய். மெல்லிய கம்பி மேல் ஏற்றி, பெரும்பாலும் தொடை வழியாகக் கொண்டுபோகிறார்கள். இதயத்துக்கு வைக்கிறார்களே, கழுத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். கழுத்தில் கம்பி உரசிப் படிந்த கொழுப்பில் ஒரு துணுக்கு உடைந்தால் அது நேரே மூளைக்குத்தான் போகும். அதைப் பிடிக்கக் குட்டி வலை ஒன்றை மேலே விரித்து வைப்பார்கள். அதையும் மீறிச் சில தப்பிவிடும். 2010-இல் வந்த ‘கிரெஸ்ட்’ ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3. மாரடைப்பு தலைகீழ்: ஸ்டென்ட்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. வயது ஏற ஏற ஸ்டென்ட்டின் ஆபத்து கூடுகிறது. சுமார் 70-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. முதியவர்களின் ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்து, சுண்ணாம்பு படிந்து, கம்பியை உள்ளே செலுத்தவே சிரமப்படுத்தும்.

ஆகவே, ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்றாலும், இதயம் தாங்கும் என்றால் ஆபரேஷன் என்றுதான் சொல்வேன். குரல் கம்மலாம், நாக்கு ஒரு பக்கம் இழுக்கலாம். நரம்பு சீண்டப்படுவதால் வருவது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இதயம் ரொம்பப் பலவீனம், கழுத்தில் முன்பு கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள், ஏற்கெனவே ஆபரேஷன் செய்த இடத்திலேயே மறுபடி அடைப்பு, இப்படியானால் ஸ்டென்ட்தான் சரி.

அப்புறம், கூச்சப்படாமல் இரண்டு டாக்டர்களிடமும் இதைக் கேளுங்கள்: “நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது?” அறிகுறி வந்தவர்களுக்கு அது 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதைச் செய்தாலும் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு தொடர வேண்டும். ஸ்டென்ட் என்றால் ஆரம்பத்தில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சேரும். பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. இதற்கிடையில் கையோ பேச்சோ மறுபடி தடுமாறினால், சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.