சிந்தெடிக் பேப்பரில் யூவி மை உரிந்து வருகிறது, விளக்கின் பவரைக் கூட்டினால் சரியாகுமா?

பிபி (பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்) சிந்தெடிக் பேப்பரில் நாலு கலர் அடித்திருக்கிறீர்கள். தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் செல்லோடேப் ஒட்டி இழுத்தால் மை கூடவே வந்துவிடுகிறது. பவரைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் ஷீட்டைப் பாருங்கள்.

மை காய்வது வேறு, பிடிப்பது வேறு. சாதாரண பேப்பரில் மை கொஞ்சம் உள்ளே இறங்கி நாரைப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீனில் இறங்க இடமில்லை, மேலே ஒட்டித்தான் நிற்க வேண்டும். யூவி வெளிச்சம் பட்டதும் மையில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனம் கண நேரத்தில் பிணைந்து கெட்டியாகிறது. அப்போது அது சுருங்கவும் செய்யும். பிடிமானம் இல்லாத ஷீட்டில் அந்தச் சுருக்கமே மையைப் பெயர்த்துவிடும். பவரைக் கூட்டினால் படலம் இன்னும் விறைப்பாகும். மெர்குரி விளக்கு என்றால் சூட்டில் ஷீட்டும் நெளிந்து ரிஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது) போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நர்சரிச் செடிகளில் கட்டும் டேக் வேலை ஒன்று வந்தது. குடோனில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த ஷீட் கட்டு ஒன்றை எடுத்து அடித்தோம். மெஷினில் பார்க்க அருமையாக இருந்தது. மறுநாள் கட்டிங்கில் ஓரமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. நானும் முதலில் விளக்கைத்தான் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் வீணானது. கடைசியில் டைன் பேனாவால் (ஷீட்டின் மேற்பரப்பு மையை எவ்வளவு ஏற்கும் என்று டைன் கணக்கில் காட்டும் பேனா) ஒரு கோடு போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 38 டைன் பேனாவின் கோடு பரவி நிற்காமல் முத்து முத்தாகச் சுருண்டுகொண்டது. மை பிடிப்பதற்காக ஷீட்டின் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சிக் கொடுத்திருந்த கொரோனா ட்ரீட்மென்ட் நாள்பட்டு இறங்கிப்போயிருந்தது. ட்ரீட்மென்ட் இல்லாத பிபி சுமார் 30 டைன்தான் காட்டும். யூவி மைக்கு 40-ஐ ஒட்டியாவது வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குப் பிறகு எந்தக் கட்டைப் பிரித்தாலும், இரண்டு பக்கமும் பேனா போட்டுப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை. சில ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் ட்ரீட்மென்ட் இருக்கும். (மேலே கோட்டிங் கொடுத்து வரும் சிந்தெடிக் பேப்பர் இவ்வளவு தொல்லை தராது. விலை கூட என்றாலும் நான் அதைத்தான் விரும்புவேன்.)

உங்கள் ஷீட்டில் டேப் இழுத்த இடத்தை நன்றாகப் பாருங்கள். வெள்ளை ஷீட் பளிச்சென்று தெரிந்தால் பிடிமானக் குறை. மை பாதி டேப்பிலும் பாதி ஷீட்டிலும் நின்றால் உள்ளே காயவில்லை என்று அர்த்தம். அப்போது மட்டும் விளக்குப் பக்கம் போங்கள்: ரிஃப்ளெக்டரைத் துடையுங்கள், பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். கறுப்பும், நாலு கலரும் ஏறி விழும் இடங்களும்தான் முதலில் ஏமாற்றும், ஏனென்றால் வெளிச்சம் அடிவரை போகாது. எல்இடி விளக்கு என்றால் மையும் எல்இடிக்கு என்று வாங்கியதா என்று பாருங்கள். பெரும்பாலும் 385 அல்லது 395 நானோமீட்டரில்தான் அந்த விளக்கு எரியும், மெர்குரிக்குச் செய்த மை அதில் சரியாகக் காயாது.

அப்புறம், ஆஃப்செட் மெஷினில் பிளேட்டுக்குக் கொடுக்கும் தண்ணீர். இந்த ஷீட் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. மிஞ்சிய தண்ணீர் மைக்குள்ளேயே கலந்து பிடிமானத்தைக் கெடுக்கும். பிளேட்டில் அழுக்கு ஏறத் தொடங்கும் அளவுக்குக் குறைத்து, அங்கிருந்து ஒரு சிட்டிகை மட்டும் கூட்டி ஓட்டுங்கள்.

அடித்தது மொத்தமும் வேஸ்ட் என்று இன்றே முடிவு செய்யாதீர்கள். காய்வது 24 மணி நேரம் வரை உள்ளுக்குள் தொடரும். நாளை மறுபடி டேப் போட்டுப் பாருங்கள். அதிலும் வெள்ளையாக உரிந்தால், மீதி ஷீட்டை ட்ரீட்மென்ட்டுக்கோ பிரைமர் (மை பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடிக்கவோ அனுப்பிவிட்டு வேலையைத் தொடருங்கள். டேப் போடும் பையனிடம் கையுறை போடச் சொல்லுங்கள். காயாத யூவி மை தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால், பிறகு அந்த மை பக்கமே போக முடியாது.