கூட்ஸ் வேகனை அழுக்காக்குவது: கேள்விகளும் பதில்களும்

எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது மேசையில் 1 அடியாக, மாதிரி ரயிலின் சரக்கு வேகன்கள் சேர்ப்பவர்கள், அவற்றை நிஜம்போல அழுக்காக்குவது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நம்மூர் பாக்ஸ்என் (மேலே திறந்த சரக்கு வேகன்) பற்றியும் அமெரிக்க பாக்ஸ்கார் (மூடிய சரக்கு வேகன்) பற்றியும் கேள்விகள் கலந்தே வந்திருக்கின்றன. கலந்தே இருக்கட்டும், வேலை ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, புதிதாக வாங்கிய பாக்ஸ்என் வேகன் பெட்டியைப் பிரித்த நிமிடமே பொம்மையாகத் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் பளபளப்பை ஒழியுங்கள். சக்கரங்களையும், வேகன்களை இணைக்கும் கப்ளர்களையும் கழற்றி வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் உடலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பளபளக்காத மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. இந்த ஒன்றிலேயே பாதி பொம்மைத்தனம் போய்விடும். கூடுதல் பாகங்கள் ஒட்டுவது, எண்கள் ஒட்டுவது எல்லாம் அழுக்கு ஏற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அப்புறம் நிறத்தை வெளுக்கவைப்பது, வாஷ் என்ற நீர்க்கக் கரைத்த வண்ணப் பூச்சு, எண்ணெய் வண்ணத்தில் துரு, கடைசியாக வண்ணத் தூள். இந்த வரிசையை மாற்றினால் மேலே செய்தது கீழே செய்ததைக் கரைக்கும்.

எதைச் செய்யும் முன்பும், நீங்கள் செய்யப்போகும் அதே வகை வேகனின் புகைப்படம் ஒன்று மேசையில் இருக்கட்டும். இன்னொருவர் செய்த மாடலின் படம் வேண்டாம். அவருடைய மிகைப்படுத்தலை நீங்கள் இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்துவீர்கள்.

கேள்வி: ஏர்பிரஷ் இல்லாமல் முடியாதா?

முடியும். காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ், வெளுத்த நிறத்துக்கு மட்டும்தான் உண்மையிலேயே வசதி. மற்றதெல்லாம் தூரிகையும் பஞ்சுக்குச்சியும்தான்.

கேள்வி: துரு போட்டேன் சார். ஆரஞ்சு நிறத்தில், குங்குமம் கொட்டியது போல இருக்கிறது. சரியான துரு நிறம் எது?

பழைய துரு கரும்பழுப்பு. ஆரஞ்சு என்பது நேற்றோ போன மாதமோ கீறல் பட்ட இடத்தில் மட்டும், அதுவும் ஓரத்தில் கொஞ்சம்தான் தெரியும். எல்லோரும் ஆரஞ்சில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கேம்லின் எண்ணெய் வண்ணம் மூன்று குழாய் போதும்: பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர். ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி அரைமணி நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வண்ணம் பளபளக்காமல் காயும். ஊசி முனையால் பர்ன்ட் அம்பர் ஒரு புள்ளி எடுத்து, வேகனின் பக்கச் சுவரில் நிற்கும் விலா ஒன்றின் மேல் முனையில் வையுங்கள். சில நிமிடம் கழித்து, தட்டைத் தூரிகையை மினரல் டர்பன்டைனில் நனைத்து, டிஷ்யூ தாளில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் புள்ளியின் மேல் வைத்து நேர்க்கீழாக ஒரே இழுப்பு. பக்கவாட்டில் அசையக் கூடாது, தண்ணீர் அப்படி ஓடாது. கோடு பாதியில் மங்கி மறைந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அடர்ந்திருந்தால் சுத்தமான தூரிகையால் இன்னொரு இழுப்பு. பிடிக்கவில்லையா, முழுவதையும் துடைத்துவிடலாம். எண்ணெய் வண்ணம் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது இங்கே நமக்கு லாபம். அடியில் அக்ரிலிக் வார்னிஷ் பூச்சு இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் மேல் டர்பன்டைன் படக் கூடாது.

கோட்டின் அகலத்தையும் கவனியுங்கள். மாடலில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 8.7 செ.மீ. உள்ளங்கை அகலத்துக்கு எல்லா இடத்திலும் துரு வழிந்த வேகன் யார்டில் நிற்காது, உடைப்புக்குப் போயிருக்கும்.

கேள்வி: நிலக்கரி வேகன், சிமென்ட் வேகன், எண்ணெய் டேங்கர் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு வாஷ்தான் அடிக்கிறேன். எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. என்ன தவறு?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேகன் எதைச் சுமக்கிறதோ அதுதான் அதன் அழுக்கு. அந்தச் சரக்கு எங்கிருந்து ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று யோசித்தால் கறை எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பாக்ஸ்என் மேலே திறந்தது, பெரும்பாலும் நிலக்கரி. அதன் முக்கியமான பகுதி உள்பக்கம்தான், நம் ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை. கரி உரசி உரசி உள்ளே பெயின்ட் என்று ஒன்றும் மிஞ்சாது. கரும்பழுப்புத் துரு, அதன் மேல் மூலைகளில் கரித்தூள், ஜேசிபி வாளி கீறிய இடங்களில் உலோகப் பளபளப்பு. வாளி இடித்த தகடு வெளிப்பக்கம் புடைத்து நிற்கும். உள்ளிருந்து சூடான கரண்டிக் காம்பை லேசாக அழுத்தினால் பிளாஸ்டிக்கில் அந்தப் புடைப்பு வரும். முதலில் பழைய வேகன் ஒன்றில் பழகுங்கள். புடைப்பின் உச்சியில்தான் பெயின்ட் முதலில் உதிரும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

அதே பாக்ஸ்என் கிரந்துல்–கொத்தவலசா பாதையில் ஓடினால் கதை வேறு. அங்கே இரும்புத் தாது. மேல் விளிம்பு தொடங்கி போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) வரை செம்மண் நிறத் தூள் படிந்திருக்கும், எண்கள்கூட செம்மை பாய்ந்து கிடக்கும். கறுப்பு அங்கே பொருந்தாது.

பாக்ஸ்என்எச்எல் என்றால் உடல் துருப்பிடிக்காத எஃகு. அதன் பக்கச் சுவரில் பெரிய துரு ஓட்டை போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தூசியும் கீறலும் போதும்.

மூடிய பிசிஎன் வேகனில் அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமென்ட் மூட்டை ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தூசி கதவைச் சுற்றித்தான் இருக்கும், கதவுக்குக் கீழே கூடுதலாக. வெளிர்சாம்பல் பாஸ்டல் தூளை (பாஸ்டல் வண்ணக் குச்சியைத் தேய்த்து எடுத்தது) கதவு இடுக்கில் அழுத்தி, விரலால் கீழ்நோக்கி ஒரு தடவு. ஏற்றும் இடத்திலேயே காற்றில் பறக்கும் தூசி கூரையில் படிந்து, மழை பட்டால் இறுகிவிடும். அதனால் கூரையின் மடிப்புகளில் மட்டும் தண்ணீரில் குழைத்த தூளை விட்டுக் காயவையுங்கள்.

பெட்ரோலியம் ஏற்றும் பிடிபிஎன் டேங்கரில் கறை மேலே மூடியிலிருந்து இரு பக்கமும் வளைந்து இறங்கும். இங்கே மட்டும் பளபளப்பு வேண்டும். கறுப்பும் பழுப்பும் கலந்து, காய்ந்ததும் அந்தத் தடத்தின் மேல் மட்டும் பளபள வார்னிஷை நுனித் தூரிகையால் ஒரு இழை. மற்ற உடல் மேட்டாக இருக்க, அந்த ஒரு இழை ஈரமாக மின்னும்போது டேங்கர் நிஜமாகிவிடும். ஏறி இறங்கும் ஏணிப்படிகளில் பெயின்ட் தேய்ந்திருப்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: சக்கரங்களுக்கு என்ன நிறம்? நான் ஓட்டுவது 1950களின் அமெரிக்க 40 அடி பாக்ஸ்கார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலான வேகன்களுக்கு அச்சு முனையில் ஒரு பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சு வைத்த சாதாரண பேரிங். அந்தப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் தெறித்து, தூசியோடு சேர்ந்து கறுத்துக் கெட்டியாகும். ஆகவே உங்கள் சக்கர முகம் பிசுபிசுத்த கறுப்பு. 1960களில் ரோலர் பேரிங் பரவியபின் கசிவு நின்றது, சக்கர முகம் காய்ந்த துருப்பழுப்பு ஆனது. எந்தக் காலத்து வண்டி என்பதைச் சக்கரத்தின் நிறமே சொல்லிவிடும். நம் பாக்ஸ்என் போகியிலும் ரோலர் பேரிங்தான், எனவே பழுப்பும் பாதைத் தூசியும்.

தண்டவாளத்தில் உருளும் பகுதியில் பெயின்ட் படவே கூடாது, பட்டால் அழுக்கு சேர்ந்து வண்டி குதிக்கும். சக்கரத்தின் பின்பக்கத்துக்கு மங்கிய கறுப்பு அடியுங்கள். நம் அகலப்பாதை 1676 மி.மீ., 1:87இல் அது 19.3 மி.மீ. வர வேண்டும், நாமோ 16.5 மி.மீ. பாதையில் ஓட்டுகிறோம். அடிப்பகுதி இருட்டாக இருந்தால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

கேள்வி: அதே 40 அடி பாக்ஸ்காரை 1980 வாக்கில் ஓட்ட ஆசை. என்னென்ன மாற்ற வேண்டும்?

இது எனக்குப் பிடித்த வேலை. அழுக்கு மட்டும் போதாது, கூரையைப் பாருங்கள். 1966 முதல் புதிய பாக்ஸ்கார்கள் கூரை நடைபலகை இல்லாமல் வந்தன. பழையவற்றிலிருந்தும் படிப்படியாகக் கழற்றினார்கள். எனவே பலகையை எடுத்துவிட்டு, அதைத் தாங்கிய கால்களில் சிலவற்றை விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் கால்கள் அப்படியே நின்றன. உயர ஏணிகளைப் பாதியாக வெட்டுங்கள், கை பிரேக் சக்கரத்தைக் கீழே இறக்குங்கள். ஏணி இருந்த இடத்தில் பெயின்ட் சற்றுப் புதிதாகத் தெரியும், அங்கே வெளுப்பைக் குறையுங்கள்.

அப்புறம் பக்கவாட்டில் பல நிறப் பட்டைகள் கொண்ட தானியங்கி அடையாளத் தகடு. 1960களின் கடைசியில் எல்லா வண்டியிலும் ஒட்டச் சொன்னார்கள், 1970களின் கடைசியில் கைவிட்டார்கள். கைவிட்டதற்கு ஒரு பெரிய காரணம், தகட்டில் அழுக்கு படிந்து கருவியால் படிக்க முடியாமல் போனது. ஆகவே உங்கள் தகடு பளிச்சென்று இருக்கவே கூடாது! 1978இல் சக்கரச் சோதனைக்காக வந்த மஞ்சள் வட்டப் புள்ளியும் கறுப்புச் சதுரத்தின் மேல் வேண்டும். மஞ்சள் ஒளிர்பட்டைகளை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அதற்கான விதி 2005இல்தான் வந்தது.

கேள்வி: நம் வேகனுக்கு அப்படிக் காலம் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, எண்ணைப் படியுங்கள். இப்போதைய 11 இலக்க வேகன் எண்ணில் முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே, 5, 6ஆம் இலக்கங்கள் கட்டிய ஆண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 5, 6இல் புது ஆண்டை ஒட்டிவிட்டு உடலெங்கும் துரு போட்டால் பொருந்தாது. பணிமனையில் பெரிய பராமரிப்பு முடிந்ததும் எழுதும் பிஓஎச் தேதிக் கட்டமும் உதவும். தேதி சமீபமென்றால் பெயின்ட்டும் புதிது, பழையதென்றால் தாராளமாக வெளுக்கவைக்கலாம்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். கடைசி வார்னிஷ் அடித்ததும் வேகன் முழுக்க வெள்ளைப் புகை படிந்தது போல ஆகிவிட்டது. போச்சா?

போகவில்லை. காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது ஸ்ப்ரே வார்னிஷ் அப்படித்தான் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேனைத் தொடாதீர்கள். வெயில் ஏறிய, காய்ந்த நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேட் வார்னிஷ் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த வாஷ் அடித்தாலும் இதே வெள்ளை வரும். அதற்கும் அதே மருந்துதான்.

கேள்வி: பாஸ்டல் தூள் அழகாக வருகிறது, மேலே வார்னிஷ் அடித்ததும் காணாமல் போகிறது.

வெளிர்நிறத் தூள் பாதிக்கு மேல் மறையும். வேண்டியதைவிடக் கூடுதலாகப் போட்டு, தூரத்திலிருந்து பனிபோல அடித்து, மறுபடி தூள் போடுங்கள். கையில் எடுக்காத வேகன் என்றால் தூளுக்கு மேல் எதுவும் அடிக்காமல் விடலாம், நான் பல வேகன்களை அப்படித்தான் விட்டிருக்கிறேன். பாஸ்டல் குச்சியைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

கேள்வி: கைப்பிடிகள் பிளாஸ்டிக்கில் தடித்து இருக்கின்றன. மாற்றலாமா?

மாற்றுங்கள், துருவைவிட இது கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும். முக்கால் அங்குலக் கம்பி 1:87இல் 0.22 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி 0.25 கிடைத்தால் போதும். மின்வயர் செம்பு இழை மெல்லியதுதான், ஆனால் ஒருமுறை விரல் பட்டால் வளைந்துவிடும்.

கேள்வி: ஓட்டும்போது காலி வேகன் தடம் புரள்கிறது.

எடை குறைவு. என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை, எச்ஓவில் 1 அவுன்ஸ், கூடவே உடல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்என் உடல் சுமார் 11.2 செ.மீ., ஆக 90 கிராம் வரும். ஈயக் குண்டு வைப்பதானால் ஃபெவிகால் வகைப் பசையில் ஒட்டாதீர்கள், ஆண்டுகள் போனால் ஈயம் ஊதி உடலைப் பிளக்கும். அரால்டைட் போடுங்கள். கப்ளருக்குள் பெயின்டும் எண்ணெயும் வேண்டாம், கிராஃபைட் தூள் மட்டும்.

கேள்வி: கிராஃபிட்டி?

அமெரிக்க வேகனில், 1990களுக்குப் பிந்தைய காலமென்றால் டெகால் என்ற ஒட்டுப்படம் ஒட்டலாம். வரைபவர்கள் பெரும்பாலும் வண்டி எண்ணை மறைக்காமல் விடுவார்கள், நீங்களும் விடுங்கள். நம் வேகனில் அதற்குப் பதில் யார்டு ஊழியர்களின் சாக்பீஸ் கிறுக்கல். கூர்மையாகச் சீவிய வெள்ளைப் பென்சில் போதும்.

கேள்வி: முழு ரேக்கும், அதாவது ஒரு ரயிலின் வேகன் வரிசை முழுவதும், செய்ய வேண்டும், நிறைய வேகன்கள். கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முதல் வேகனைப் பள்ளிக்கூடப் போஸ்டர் கலரில் செய்து பாருங்கள். மேட் வார்னிஷ் மேல் தண்ணீர் கலந்து பூசி, காய்ந்ததும் ஈரப் பஞ்சுக்குச்சியால் கீழ்நோக்கித் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் தங்கும். பிடிக்கவில்லையென்றால் குழாயடியில் கழுவி மறுபடி ஆரம்பிக்கலாம். பிடித்திருந்தால் மேலே வார்னிஷ். எல்லா வேகனையும் ஒரே நாளில் ஒரே கலவையில் செய்யாதீர்கள். ரேக்கில் பெரும்பாலானவை சுமாரான அழுக்கு, சில மிகப் பழசு, ஒன்றிரண்டு அப்போதுதான் பணிமனையிலிருந்து வந்த புதுசு என்று கலந்து விடுங்கள். அந்தப் புது வேகன்களை இரண்டு பழைய வேகன்களுக்கு நடுவே கோக்க வேண்டும்.