நாற்காலியில் யார்?

கேள்வி: வங்கி இயக்குநர் குழுவில் பெண்களும் சுயேச்சை இயக்குநர்களும் (வங்கியோடு வேறு தொடர்பில்லாத வெளியாட்கள்) கூடினால், ஊர் நன்மைக்காக வங்கி செய்யும் சமூகப் பொறுப்புச் செலவும் கூடுமா என்று என் மகள் ஆய்வேடு எழுதுகிறாள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன? – வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: நாற்காலி என்றதும் எனக்குக் காலி நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. அரசு வங்கிகளின் குழுவில் ஊழியர் ஒருவரும் அதிகாரி ஒருவரும் இயக்குநராக இருக்க வேண்டும் என்கிறது 1970ஆம் ஆண்டின் வங்கி தேசியமயச் சட்டம். அந்த இடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் போட்டு வைத்தார்கள். இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். தாலிக்கொடியைக் கழற்றி நகைக்கடன் கவுன்டரில் வைக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர் ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டாமா?

தனியார் வங்கிகளுக்கும் விதி உண்டு. வங்கிச் சட்டத்தின் 1968ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இயக்குநர்களில் 51 சதவீதத்தினராவது துறை அறிவு உள்ளவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது கிராமப்புற விவசாயமோ கூட்டுறவோ சிறுதொழிலோ தெரிந்தவர்கள். தெரிந்தவர் என்றால், வயல் வரப்பில் நடந்தவரா, அறிக்கையில் படித்தவரா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று வைத்தால் காய்க்கச் சில வருடங்கள் ஆகும். கடன் தவணை அதுவரை காத்திருக்காது. இதைப் பிறர் விளக்காமலே புரிந்துகொள்கிறவர் குழுவில் இருந்தால், சமூகப் பொறுப்புப் பணம் நாற்றங்காலுக்குப் போகும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நான் பார்த்த ஒரு பள்ளியே சாட்சி. ஒரு வங்கி கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் அங்கே நிற்கிறது. வங்கியின் பெயர்ப்பலகை பளபளக்கிறது; வடிகட்டியை மாற்ற ஆளில்லாமல் குழாய் வறண்டு கிடக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

மகளின் ஆய்வுக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குள் வரும் தனியார் வங்கி கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அரசு வங்கிகள் தனிச் சட்டத்தில் பிறந்தவை. அந்த விதி அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஸ்டேட் வங்கி தன் கொள்கையாகவே முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் ஒதுக்குகிறது. ஆக, தனியார் வங்கியில் தொகையின் அளவைச் சட்டமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்பதில்தான் குழுவின் கை தெரியும். வங்கி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. தொகையை மட்டும் அளந்தால் பெண் இயக்குநரின் பங்கு உங்கள் மகள் கண்ணில் படாமலே போய்விடும்.

தனியார் வங்கிகளின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பில் 2022 வரை திட்டவாரியாக மாவட்டப் பெயர் இருந்தது. அவற்றில் கடலூர் எத்தனை முறை வருகிறது என்று அவளை எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே முழுதாக அச்சிடுகிறேன்.